கொடி இறங்கும்வரை

புக்கிட் தெம்பாகா தோட்டம்,
நெகிரி செம்பிலான்.
28.3.2023

அன்புத் தங்கை குமுதவல்லிக்கு அண்ணன் நல்லசாமி ஆசியோடு எழுதுவது.

நானும் உன் அண்ணி புனிதாவும் அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடக் கேண்டீனில் நாள் முழுக்க நின்றே சாகாதே. ஒரு நாற்காலி போட்டுக்கொள்.

இத்துடன் நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாப் பத்திரிகை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கோயில் தலைவர் என்று ஆன பிறகு, கூடப் பிறந்தவளே ஆனாலும் பத்திரிகை வைத்து, கைப்படக் கடிதம் எழுதி அழைப்பதுதான் முறை.

இந்த வருடம் விளக்கலங்காரத்தைப் பார்த்தால் அசந்துவிடுவாய். திடலின் இந்தப் பக்கத்து உயரமான தண்ணீர்த் தொட்டியிலிருந்து அந்தப் பக்கம் நட்ட இரும்புக் கம்பம் வரைக்கும், நட்ட நடுவே ஒரே கம்பி. அதில் அறுநூறு பல்பு. சுங்கை காடுட் பேக்டரியில் வேலை செய்கிற ஷங்கர் கட்டித் தருகிறான். ராசா, ரஹாங் என்று டவுனுக்குப் போய்விட்ட நம் ஜனமெல்லாம் வந்து வாயைப் பிளக்கப் போகிறது.

மே 5 வெள்ளி கொடியேற்றம். ஞாயிறு தீமிதி. அடுத்த ஞாயிறு, 14ஆம் தேதி, மறுபூசை. அன்று கொடி இறங்கும்வரை ஒரு தோரணத்தைக்கூட அவிழ்க்க விடமாட்டேன். போன தடவை அவசரப்பட்டுப் பந்தலைப் பிரித்த ரவிச்சந்திரன் மறு வாரமே மோட்டாரிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். என் தலைமையில் அந்த விளையாட்டெல்லாம் கிடையாது.

நீ வராவிட்டாலும் உன் பிள்ளையையாவது அனுப்பு. பைலட் மருமகன் பக்கத்தில் நின்றால் மாமனுக்குத்தானே பெருமை.

அம்மன் துணை இருக்கட்டும்.
உன் அண்ணன்,
நல்லசாமி


பட்டர்வொர்த்,
6.4.2023

மரியாதைக்குரிய அண்ணனுக்குக் குமுதவல்லியின் வணக்கம்.

பத்திரிகை கிடைத்தது. கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அண்ணிக்குச் சர்க்கரை குறைந்ததா?

கேண்டீனில் லீவு தரமாட்டார்கள். யோகேந்திரன் தீமிதிக்கு வருவான். ரஹாங்கில் அறை எடுத்துத் தங்கியிருப்பதால் உங்களுக்கு எட்டும் தூரம்தான். இன்னொரு சேதி கேட்டால் நீங்கள் துள்ளிக் குதிப்பீர்கள். அவன் ஹெலிகாப்டர் பழகுகிற பள்ளிக்காரர்கள் நம் தோட்டத்துத் திடலுக்குத்தான் அடிக்கடி வருகிறார்களாம்!

ஆகாயத்தில் எஞ்சின் நின்றுபோனால் எப்படி இறக்குவது என்று பழகுகிறார்களாம். வாத்தியார் வேண்டுமென்றே எஞ்சினை அடக்கிவிடுவார். மேலே இருக்கிற காற்றாடி காற்றிலேயே சுற்றும். இவன் ஒரு திடலைப் பார்த்து விறுவிறுவென்று கீழே இறக்கி, தரையைத் தொடப் போகும்போது மறுபடி எஞ்சினைக் கூட்டி மேலே ஏற்றிவிட வேண்டும். வேண்டாமடா இந்த விளையாட்டு என்றேன். அவன் சிரிக்கிறான்.

“மாமாகிட்ட கேளுங்கம்மா, கோயில் சாமானெல்லாம் எப்ப எடுப்பாங்கன்னு. அது வரைக்கும் அந்தத் திடல் பக்கம் நாங்க எறங்க முடியாதுலா” என்றான். திருவிழா முடிந்து திடல் காலியானதும் மறக்காமல் தெரிவியுங்கள்.

உங்கள் இருவருக்கும் என் நமஸ்காரம்.
தங்கை,
குமுதவல்லி


புக்கிட் தெம்பாகா தோட்டம்,
8.5.2023

தங்கை குமுதவல்லிக்கு,

அனைவரும் சுகம். உன் சுகத்துக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தேன். விபூதியும் குங்குமமும் இதே உறையில் இருக்கின்றன. சூட்டோடு உன் கைக்கு வர வேண்டும் என்று போஸ் லாஜு விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

திருவிழா பிரமாதம். மருமகன் தீ மிதித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். முகம் சுளிக்கவில்லை. நம் ரத்தம்.

நீ கேட்டிருந்தாயே, திடல் காலி. கடைக்காரர்கள் போய்விட்டார்கள். பல்பு வாடகைக்காரன் இன்று காலையிலேயே வந்து ஒன்றுவிடாமல் கழற்றிக்கொண்டு போய்விட்டான். துடைத்துவிட்டாற்போல் கிடக்கிறது. வியாழக்கிழமையே வரச் சொல். லயத்து வீடுகளில் இருக்கிற ஜனத்தையெல்லாம் கூட்டிவந்து திடலோரம் நிறுத்துகிறேன். நல்லசாமியின் மருமகன் ஆகாயத்திலிருந்து இறங்குவதை நாலு பேர் பார்க்கட்டும்.

உன் அண்ணன்,
நல்லசாமி


புக்கிட் தெம்பாகா தோட்டம்,
2.6.2023

தங்கைக்கு,

உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா? பதினாறாம் நாள் காரியம் குறைவில்லாமல் நடந்தது என்று கேள்விப்பட்டேன்.

என் மடியில் உட்கார்த்திக் காது குத்திய பிள்ளைக்கு என் கையாலேயே கோடித்துணி போர்த்தினேன். எந்தத் தாய்மாமனுக்கும் இந்தக் கதி வரக்கூடாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், மனதைத் தேற்றிக்கொள். விழுந்த அந்த நொடியே உயிர் போய்விட்டது. வேதனையே அவனுக்குத் தெரியாது. நான் கண்ணால் பார்த்தவன்.

அத்தனை துக்கத்திலும் அம்மன் காரியத்தை நிறுத்தவில்லை. தீட்டு என்பதால் நான் கோயிலுக்கு வெளியே நின்றே மறுபூசையை நடத்தி முடித்தேன். கொடி இறங்கும்வரை ஒரு தோரணத்தைக்கூட யாரும் தொடவில்லை. ஆத்தா நம்மைக் கைவிடமாட்டாள்.

மனதைத் திடமாக வைத்துக்கொள்.
அண்ணன்,
நல்லசாமி


பட்டர்வொர்த்,
25.6.2023

அண்ணனுக்கு,

அண்ணிக்கும் உங்களுக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

இனி எனக்குப் போன் செய்யாதீர்கள். அதைக் கடலில் எறிந்துவிட்டேன். திடல் காலி என்ற உங்கள் கடிதம் அந்தப் புதன்கிழமை வந்தது. அன்று சாயங்காலமே நான்தான் அவனைக் கூப்பிட்டு, “மாமா எழுதிட்டாரு ஐயா, திடல் காலி, தைரியமா போ” என்றேன். அந்த வாயை வெட்டிப் போட முடியவில்லை. போனை எறிந்தேன்.

ஹெலிகாப்டர் பள்ளிக்காரர்கள் வந்திருந்தார்கள். திடல் காலி என்று அவன்தான் அடித்துச் சொன்னானாம். இறக்கும்போது உயரத்தைத் தவறாகக் கணக்கிட்டதும் அவன்தானாம். முதுகு உடைந்து படுத்திருக்கும் வாத்தியாருக்கு எதுவும் நினைவில்லையாம். செத்தவன் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை, பழியை அவன் தலையில் வைத்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

அவன் அப்படிப் பிள்ளை இல்லை, அண்ணா. சைக்கிள் ஓட்டினால்கூட இரண்டு பக்கமும் பார்ப்பான். அவன் பெயரை இப்படி எழுதி வைக்க நான் விடமாட்டேன். நீங்கள் அங்கே இருந்தவர். என்ன பார்த்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். கடைசியாக ஏதாவது பேசினானா?

தங்கை,
குமுதவல்லி


புக்கிட் தெம்பாகா தோட்டம்,
20.8.2023

தங்கைக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தோட்டத்து வேலை, கோயில் வேலை என்று பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

ஒன்றும் பேசவில்லை. முன்பே எழுதினேனே.

பார்த்ததும் அவ்வளவுதான். வந்தது, சாய்ந்தது, விழுந்தது. இளம் ரத்தம், கொஞ்சம் வேகம். அதற்காக நம் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் விசாரிக்கிறார்கள், அவர்கள் எழுதுவதை ஏற்றுக்கொள். தோண்டத் தோண்டப் புண்தான் பெரிதாகும்.

அண்ணன்,
நல்லசாமி


பட்டர்வொர்த்,
3.11.2023

அண்ணனுக்கு,

இங்கே ஓயாத மழை. அங்கேயும் இருக்கும். அண்ணியை நனையவிடாதீர்கள்.

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ரோகினி டீச்சர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொன்னாள். ‘பயிற்சி பெற்றவரின் கணிப்புப் பிழை.’ ஒரு வரியில் என் பிள்ளையின் இருபத்து நான்கு வயதையும் முடித்துவிட்டார்கள். ஆனால் ஹெலிகாப்டர் தரையில் ஊன்றும் இரும்புக் காலில் குறுக்கே ஒரு கீறல் இருந்ததாம். மெல்லிய கம்பி உராய்ந்தது போன்ற கீறல். திடலில் கம்பி எதுவும் காணப்படாததால் காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். பல்பு கழற்றியாகிவிட்டது என்று எழுதினீர்கள். கம்பியைக் கழற்றியதாக எழுதவில்லை. அந்த வியாழக்கிழமை கம்பி திடலில் இருந்ததா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

குமுதவல்லி


புக்கிட் தெம்பாகா தோட்டம்,
6.11.2023

குமுதவல்லிக்கு,

உன் கடிதம் கைக்கு வந்ததும் எழுதுகிறேன்.

இல்லை. பல்போடு சேர்த்துத் திங்கட்கிழமையே கம்பியையும் அவிழ்த்தாகிவிட்டது. மருமகன் வருகிறான் என்பதற்காகத்தான், மறுபூசைக்கு முன் தொடக்கூடாது என்ற முறையையும் மீறி, நானே முன்நின்று அவிழ்த்தேன். உனக்காகச் சாமி குற்றத்தையும் சுமந்தவனிடம் இப்படிக் கேட்கிறாயே!

கோயில் இருப்பது கம்பெனி நிலம் என்று உனக்குத் தெரியும். எப்போது சாக்குக் கிடைக்கும், இடித்துத் தள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். கண்டபடி பேசி எண்பது வருடக் கோயிலுக்கு வேட்டு வைத்துவிடாதே.

நல்லசாமி


சுங்கை காடுட்,
17.1.2024

அன்புள்ள குமுதாவுக்கு உன் அண்ணி புனிதா எழுதுவது.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கிளினிக்குக்கு வந்த இடத்தில், மருந்துக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன். வீட்டு விலாசத்துக்குப் பதில் போடாதே.

கம்பி இருந்தது, குமுதா. பல்பைக் கழற்ற விட்டாரே தவிர, கம்பி கோயில் சொத்து, மறுபூசை வரைக்கும் தொடக்கூடாது என்று உன் அண்ணன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். “பிள்ள எறங்கி வர்ற எடம்ங்க” என்றேன். “ஆகாயத்துல போறவனுக்கு இந்த நூலு என்னடி பண்ணும்?” என்றார். பல்பு இல்லாத வெறும் கம்பி கீழே நின்ற எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை. மேலே இருந்தவனுக்கு எங்கே தெரியும்?

வியாழக்கிழமை நாங்கள் பதினேழு பேர் திடலோரம் நின்றோம். சத்தமே இல்லாமல் அழகாக இறங்கி வந்தான். ஹெலிகாப்டரின் கால் கம்பியில் மாட்டியதும் அப்படியே கவிழ்ந்துவிட்டது. கம்பி கொக்கியிலிருந்து பிய்த்துக்கொண்டு புல்லில் விழுந்தது.

இனி எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படி. அவன் உடனே சாகவில்லை. பக்கத்தில் வாத்தியார் நினைவிழந்து கிடக்க, இவன் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கூப்பிட்டான். “மாமா, பெல்ட்ட அறுத்து விடுங்க மாமா. மூச்சு முட்டுது” என்றான். மூன்று தடவை கூப்பிட்டான். உன் அண்ணன் அவன் பக்கம் இரண்டு அடி வைத்தார். பிறகு நின்றார். திரும்பி ஷங்கரைப் பார்த்து, “மொதல்ல கம்பிய சுருட்டுடா” என்றார்.

நான் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள், வெடித்துவிடுமாம். வெடிக்கவில்லை. கம்பியைச் சுருட்டிக் கோயில் சாமான் அறையில் வைத்துப் பூட்டி, கம்பத்தைப் பிடுங்கிச் செம்பனை மரங்களுக்குள் எறிந்த பிறகுதான் தீயணைக்கும் பொம்பாவுக்கே போன் செய்தார். இருபது நிமிடம் இருக்கும். அதற்குள் அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். முன்னாலேயே அறுத்திருந்தால் பிழைத்திருப்பானா, எனக்குத் தெரியாது.

கோயிலை இடித்துவிடுவார்கள் என்று சொல்லி எல்லோரிடமும் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினார். நானும் அடித்தேன். அன்றிலிருந்து வீட்டில் கற்பூரம் ஏற்றும்போதெல்லாம் அந்தப் பிள்ளை மாமா மாமா என்பதுதான் கேட்கிறது.

போன வாரம் பொங்கலுக்குச் சாமான் அறையைக் கூட்டினேன். கம்பி அங்கேதான் சுருட்டிக் கிடக்கிறது. நடுவில் ஓரிடத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. பூசை மஞ்சள்தூள் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. அது ஹெலிகாப்டர் காலில் அடித்திருந்த சாயம். அறைச் சாவி அவர் அரைஞாணில் தொங்குகிறது. போலீஸ் வருகிறது என்று தெரிந்தால் கம்பி அடுத்த நிமிடமே ஆற்றில் கிடக்கும். யார் கேட்டாலும் நான் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். நான் அவரோடு குடும்பம் நடத்த வேண்டியவள். என்னால் முடிந்தது இந்தக் கடிதம்தான்.

மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன்.
புனிதா


பட்டர்வொர்த்,
20.2.2024

பாசமுள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். என் கால் வலி இப்போது தேவலை.

நவம்பரில் மனது சரியில்லாமல் ஏதேதோ எழுதிவிட்டேன். பெற்ற வயிறு, அப்படித்தான் பேசும். நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. தோண்டினால் புண்தான் பெரிதாகிறது.

ஒரே ஓர் ஆசை. இந்த வருடம் திருவிழா விளக்கு உபயம் யோகேந்திரன் பெயரில் என்னுடையதாக இருக்கட்டும். போன வருடம் அவன் கண் குளிரப் பார்த்தானே, அதேபோல் அறுநூறு பல்பு, தொட்டியிலிருந்து கம்பம் வரைக்கும், அதே கம்பியில் தொங்க வேண்டும். புதுக் கம்பி வேண்டாம். அவன் பார்த்ததையே நானும் பார்க்க வேண்டும். கொடியேற்றத்தன்று நானே வந்து உபயத் தட்டை உங்கள் கையில் தருகிறேன்.

தங்கை என்று நினைத்து இதை மட்டும் செய்து கொடுங்கள்.
குமுதவல்லி


புக்கிட் தெம்பாகா தோட்டம்,
26.2.2024

என் ஆசைத் தங்கை குமுதவல்லிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கண் கலங்கிவிட்டேன். ரத்தம் ரத்தம்தான். உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன், பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுக்கு இப்போதெல்லாம் தலைசுற்றல்.

பத்திரிகை வைத்திருக்கிறேன். ஏப்ரல் 19 வெள்ளி கொடியேற்றம். உபயதாரர் வரிசையில் மருமகன் பெயரைத்தான் முதலில் அச்சடித்திருக்கிறேன், பார். அதே கம்பி சாமான் அறையில் பத்திரமாக இருக்கிறது. ஷங்கர் இந்த வருடம் முடியாது என்று ஏதோ முனகுகிறான். அவன் இல்லாவிட்டால் என்ன, நானே ஏறிக் கட்டுகிறேன். வழக்கம்போல மறுபூசை வரைக்கும் ஒரு முடிச்சைக்கூட யாரும் தொடமாட்டார்கள்.

ஊரே உன்னைப் பார்க்கக் காத்திருக்கிறது. வா.
உன் அண்ணன்,
நல்லசாமி


ரஹாங்,
19.4.2024

நல்லசாமிக்கு,

நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை.

யோகேந்திரன் தங்கியிருந்த அறையிலிருந்துதான் இதை எழுதுகிறேன். வெற்றிலைக்கு அடியில் மடித்து உபயத் தட்டில் வைப்பேன். தலைவர் என்ற முறையில் தட்டை நீதான் வாங்குவாய். நீ இதைப் பிரிக்கும்போது கொடி ஏறியிருக்கும். அறுநூறு பல்பும் எரிந்துகொண்டிருக்கும்.

உன் கடிதங்கள் ஒன்றுவிடாமல் விசாரணைக்காரர்கள் கையில் இருக்கின்றன. கம்பி கட்டப் போகிறேன் என்று எழுதியது, திடல் காலி என்று எழுதியது, ஒரு தோரணத்தையும் தொடவில்லை என்று எழுதியது, நானே அவிழ்த்தேன் என்று எழுதியது. ரோகினி டீச்சர் மலாயில் எழுதிக் கொடுத்தாள். தோட்டத்திலிருந்து எனக்கு வந்த இன்னொரு கடிதத்தையும் கொடுத்திருக்கிறேன். யார் எழுதினார்கள் என்று நீயே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கண்டுபிடி. எழுதியவர்களைத் தொட்டால் உன் கையை ஒடிக்க நான் திரும்பி வருவேன்.

நாளைக் காலை எட்டு மணிக்கு அவர்கள் ஏணியோடு வருகிறார்கள். உயரத்தை அளப்பார்கள். கம்பியின் நடுவில் ஒட்டியிருக்கிற மஞ்சளைச் சுரண்டி எடுப்பார்கள். அவர்கள் கேட்டது அந்தக் கம்பியைத்தான். சாவி உன் இடுப்பில் இருந்ததால், உன் கையாலேயே வெளியே எடுக்க வைத்தேன்.

கோயில் போய்விடும் என்பாய். போகட்டும். என் பிள்ளை தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டபோது உனக்குக் கோயில் போதுமாக இருந்தது. இப்போது எனக்கு அவன் பெயர் போதும். கணிப்புப் பிழை யாருடையது என்று அந்தக் காகிதத்தில் மாற்றி எழுதட்டும்.

விடிவதற்குள் அவிழ்த்துவிடலாம் என்று நினைப்பாய். கொடி ஏறிவிட்டது. ராசாவிலிருந்தும் ரஹாங்கிலிருந்தும் வந்த ஜனம் திடல் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. கற்பூரம் அடித்தவர்களும் அங்கேதான் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் முன்னால், கொடி பறக்கும்போது, தலைவர் நல்லசாமி ஏறித் தன் கையால் அவிழ்க்க வேண்டும். ஏறு, நான் தொட்டிக்குக் கீழேதான் நிற்கிறேன்.

இந்தத் தடவை முதலில் கம்பியைச் சுருட்ட முடியாது.

யோகேந்திரனின் தாய்,
குமுதவல்லி